ஆறு ரூபாப் பேனை

அத்தியாயம் ஐந்து

ஒன்பதரை ரூபாவுக்கு விற்கிற பேனையை ஒருவன் ஆறு ரூபாவுக்கு விற்றால் அவன் கள்ளனாக இருக்க வேண்டும், அல்லது பைத்தியக்காரனாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செல்வரத்தினம் நம்பிக்கொண்டிருந்தது அவ்வளவுதான். பிற்பகல் மூன்றரைக்குள் இரண்டுமே பிழை என்று தெரிந்துவிட்டது. இடையில் அவருடைய வலது முழங்கால் இரண்டு பஸ்களில் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

செல்வரத்தினம் ஊர்காவற்றுறைச் சுங்கக் கந்தோரில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். காணாமற்போன ஆடு, கைமாறிய காணி உறுதி, பெயரில்லாமல் வந்த கடிதம் என்று ஊரார் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். மறுக்கத் தெரியாமல் அவர் துப்பறிகிறவர் ஆகிவிட்டார். எந்த வழக்கிலும் தான் பிழைவிடப்போவது நிச்சயம் என்று நம்புவார். அதனால் எதையும் இரண்டு தரம் பார்ப்பார். உதவிக்கு அருளப்பு. லோஞ்சுப் படகில் ரிக்கற் கிழித்தவன். லோஞ்சு பழுதாகி நின்றபிறகு அவனுடைய வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் இறங்குதுறை வீதியில் குருசுமுத்துவின் பட்டறைக்குள் நின்றார்கள். காலால் மிதிக்கிற கடைசல் இயந்திரம், கண்ணாடி அலுமாரி, சுவரில் ஒரு கரும்பலகை. பலகையில் ‘கைப்பேனை ரூபா 9.50’ என்று வெண்கட்டியால் எழுதியிருந்தது. ஐந்து வருடமாக ஒவ்வொரு தை மாதமும் அதே எழுத்தின்மேல் வெண்கட்டி ஓடியதால் எழுத்து தடித்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டுடன் குருசுமுத்து கதிரையில் இருந்தார். மேசையில் மடித்த கடதாசி ஒன்றும் ஒரு பேனையும்.

“நாலு மணிக்கு நான் பொலிசுக்குப் போறன் அண்ணை. முறைப்பாட்டை எழுதி வைச்சிட்டன்.”

“ஆரிலை?”

“சவிரிமுத்துவிலை. அல்லைப்பிட்டியான். என்னோடை எட்டு வரியம் பங்காளியா நிண்டவன். பிரிஞ்சு போகேக்கை என்ரை தொழிலைத் தலைக்குள்ளை வைச்சுக்கொண்டு போனவன். இப்ப என்ரை பேனை மாதிரிச் செய்து யாழ்ப்பாணத்திலை ஆறு ரூபாய்க்கு விக்கிறான்.”

“நாலு மணி ஏன்? நாளைக்குப் போனால் என்ன?”

“நாளைக்குக் காலமை கூட்டுறவுச் சங்க மனேஜர் வாறார். அறுபது பேனைக்கு ஓடர். பட்டணத்திலை ஆறுக்குக் கிடைக்கேக்கை நான் ஏன் உமக்கு ஒம்பதரை தரவேணுமெண்டு கேட்டு இந்தப் பேனையைத் தூக்கிப் போட்டிட்டுப் போனவர். பதில் இல்லாட்டி ஓடரும் இல்லை. ஓடர் இல்லாட்டி இந்தக் கடைசலை வித்துப்போட்டு நான் வலை இழுக்கத்தான் போகவேணும். ஐம்பத்திரண்டு வயதிலை.”

செல்வரத்தினம் பேனையைக் கையில் எடுத்தார். பனை வைரத்தில் கடைந்த உடம்பு; கறுப்பு நார்கள் நெடுக ஓடின. நிப்பைப் பிடிக்கிற கழுத்து மட்டும் பழைய லொறிப் பற்றறிப் பெட்டியை அறுத்துக் கடைந்தது. கடினமான கறுப்பு இறப்பர். இந்த இரண்டும் ஊருக்குள்ளேயே கிடைக்கும். கிடைக்காதது நிப்பு ஒன்றுதான். பிறநாட்டுச் சாமான்கள் வருவது நிற்பதற்கு முன்னர் குருசுமுத்து ஜேர்மன் நிப்பு சில பெட்டிகள் வாங்கி வைத்திருந்தார். இப்போது மிச்சம் ஒரு பெட்டி, அதிலும் பாதிதான்.

“இதை வித்த கடைக்காரன் என்ன சொன்னவன்?” என்று, முன்பே விசாரித்து வைத்திருந்த அருளப்புவைக் கேட்டார்.

“பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலை சீலையை விரிச்சுப் பேனை விக்கிறவன். விலை கேட்டால் சொல்லுவானாம், வந்த வழி கேட்டால் சொல்லானாம். எங்கடை பங்குச் சுவாமியிட்டை கூட இவ்வளவு இரகசியம் நிக்காது அண்ணை.”

செல்வரத்தினம் அலுமாரியிலிருந்த வேறொரு பேனையின் மூடியை ஆறு ரூபாப் பேனைக்குப் பூட்டிப் பார்த்தார். ஏறவில்லை.

“உம்மடை ரெண்டு பேனையின்ரை மூடியை மாத்திப் போட ஏலுமோ?”

“ஏலாது. மூடிக்குப் புரி கையாலை வெட்டுறனான். ஒரு மூடி ஒரு உடம்புக்குத்தான் ஏறும்.”

“கோயில்லை முடிச்ச கலியாணம் மாதிரி,” என்றான் அருளப்பு.

ஆறு ரூபாப் பேனையின் சொந்த மூடி மூன்று சுற்றில் பட்டென்று இறுகியது. மூடியின் உட்பக்கம் ஊசியால் கீறிய இலக்கம்: 512.

“இலக்கமும் உம்மடை மாதிரிக் கிடக்கு.”

“அதையும் பாத்துக் கீறியிருக்கிறான். எட்டு வரியம் பக்கத்திலை இருந்தவனெல்லோ.”

பேச்சை மாற்ற குருசுமுத்து ஒரு புதுப் பேனையில் மை ஊற்றிக் கொப்பி ஒன்றைத் தள்ளினார். “எழுதிப் பாருங்கோ அண்ணை. வேலை முடிஞ்சால் உங்கடை கூலி இந்தப் பேனைதான். வாங்கிற ஆள் என்ரை கண்ணுக்கு முன்னாலை எழுதவேணும். எழுதிற சாய்வைப் பாத்து நிப்பைக் கல்லிலை தீட்டிக் குடுப்பன். அப்பிடித் தீட்டாமல் ஒரு பேனையும் இந்த வாசலைத் தாண்டினதில்லை.”

“வேலை முடியட்டும்,” என்று செல்வரத்தினம் கொப்பியைத் திறக்காமல் தள்ளிவைத்தார். அன்று அவர் விட்ட பிழை அதுதான்.

*

அல்லைப்பிட்டிக்குப் போகிற பஸ் அரைமணி பிந்தி வந்தது. சவிரிமுத்துவின் வீடு கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி இருந்தது. அவர் பூவரச மர நிழலில் பாய் போட்டிருந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தத்துக்குத் தலை நிமிர்ந்தாலும் முகம் அவர்கள் நின்ற பக்கத்துக்குச் சற்று விலகியே திரும்பியது. இரண்டு கண்களிலும் பால் படர்ந்தது போல வெள்ளை.

செல்வரத்தினம் கூசிப்போனார். இவரைத்தான் புரி வெட்டுகிற களவாளி என்று பார்க்க வந்திருக்கிறோம்.

“கடைசல் மெசின் எங்கை அண்ணை?” என்று அருளப்பு கேட்டான்.

“கண் போன கையோடை அதுவும் போயிட்டுது. போன மாரிக்கு முதல் வித்தனான். வலைக்குக் கண் தேவையில்லை, விரல் காணும். நீங்கள் ஆர்?”

செல்வரத்தினம் சுற்றி வளைக்கவில்லை. வந்த காரியத்தைச் சொல்லிப் பேனையைக் கையில் கொடுத்தார். சவிரிமுத்து மூடியைக் கழற்றி, பெருவிரல் நகத்தால் புரியை மெல்ல வருடினார்.

“இது அவன்ரை கை.”

“உம்மடை கையில்லையோ?”

“நான் புரி வெட்டினால் கடைசிச் சுற்று கொஞ்சம் தளரும். அதுக்குத்தான் எட்டு வரியமும் பேச்சு வாங்கினனான். இது கடைசி மட்டும் இறுக்கம். குருசு வெட்டினது. அவன் எனக்கு எதிரா முறைப்பாடு எழுதியிருக்கிறானெண்டால் எழுதட்டும், பொய் சொல்ல எனக்கு ஏலாது. ஒரு கடதாசி தாருங்கோ.”

கடதாசியில் ஒரு கோடு இழுத்தார். நிப்பிலிருந்து கோழி கிளறுகிறதுபோலச் சத்தம் வந்தது.

“உடம்பு அவன்ரை. நிப்பு அவன்ரை இல்லை. இது உள்ளூர்த் தகரம். ஆரோ நல்ல நிப்பைக் கழட்டிப்போட்டு இதைச் சொருகியிருக்கினம். கழுத்தைப் பாருங்கோ, என்ன நிறம்?”

அருளப்பு வெயிலில் பிடித்துப் பார்த்தான். “அடிப்பக்கம் கறுப்பு. நிப்புப் பக்கம் மண்ணிறம்.”

“அப்ப ஆவியிலை பிடிச்சிருக்கினம். பற்றறி இறப்பர் சூட்டுக்கு இளகும், நிப்பைப் பிடிச்சு இழுக்கலாம். ஆனால் ஆவி பட்ட இடம் கறுப்பு வெளுத்துப்போகும். தொழில் தெரிஞ்சவன் துணியைச் சுத்திப் பிடிப்பான். இது தொழில் தெரியாத ஆள், நெடுக வைச்சுக்கொண்டு நிண்டிருக்குது.”

“ஒரு நிப்புக்காக இவ்வளவு பாடோ?” என்றார் செல்வரத்தினம்.

சவிரிமுத்து சிரித்தார். “ஜேர்மன் நிப்பு இப்ப என்ன விலை எண்டு தெரியுமோ? பட்டணத்திலை மணிக்கூடு திருத்திறவர் ஒருவர் எட்டு ரூபா குடுக்கிறார். பழைய சீமைப் பேனையளுக்குப் பூட்ட ஆக்கள் அலையினம். என்னட்டைக் கிடந்த மூண்டையும் நத்தார்ப் பெருநாளுக்கு வித்துத்தான் பிள்ளையளுக்குச் சட்டை எடுத்தனான்.”

“குருசுமுத்துவுக்கு இது தெரியுமோ?”

“அவன் அந்த நாளிலை நிப்பை முக்கால் ரூபாய்க்கு வாங்கினவன். முக்கால் ரூபா, தன்ரை கூலி, மரம், இறப்பர் எல்லாத்தையும் கூட்டி ஒம்பதரை. வாங்கின விலைக்கு மேலை வைக்கிறது வியாபாரம், தான் தொழிலாளி எண்டு நிப்பான். நாங்கள் பிரிஞ்சதும் அந்தக் கதையிலைதான்.”

*

திரும்பி வருகிற பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. முழங்கால் நன்றி சொன்னது.

“அண்ணை, பைத்தியக்காரன்ரை கணக்குச் சரிவருது,” என்றான் அருளப்பு. “ஒம்பதரைக்கு வாங்குவான். நிப்பை எட்டுக்கு விப்பான். மிச்ச உடம்பை ஆறுக்கு விப்பான். பதினாலு. தகர நிப்புக்கு அம்பது சதம் போனாலும் ஒரு பேனைக்கு நாலு ரூபா மிச்சம். இவ்வளவு நாளும் லோஞ்சிலை ரிக்கற் கிழிச்சு என்ரை வாழ்க்கையை வீணாக்கிப்போட்டன்.”

“அப்ப களவு எங்கை?”

அருளப்பு விரல்களை மடக்கித் திரும்பவும் கணக்குப் பார்த்தான்.

செல்வரத்தினம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பரவைக்கடல் வற்றி வெள்ளையாய்க் கிடந்தது. வாங்கியவன் முழு விலை கொடுத்திருக்கிறான். வாங்கியதைப் பிரித்து விற்க அவனுக்கு உரிமை உண்டு. நாலு மணிக்குக் கண் தெரியாத ஒரு மனிதர்மேல் பொலிசில் பழி விழப்போகிறது. அதைத் தடுக்கக் கையில் இருப்பது மண்ணிறமான ஒரு கழுத்து. அதுவும் தன்னுடைய விளக்கம் சரியாக இருந்தால்.

இரண்டாம் தரமும் முதலிலிருந்து நினைத்துப் பார்த்தார். நிப்புக்காகவே பேனை வாங்குகிறவனுக்கு அது எப்படி எழுதுகிறது என்ற கவலை இல்லை. எழுதிப் பார்க்கவும் மாட்டான். ஆனால் குருசுமுத்து எழுதிப் பார்க்க விடாமல் எந்தப் பேனையையும் கொடுப்பதில்லை.

“அருளப்பு, காலமை ஒரு கொப்பி தந்தவரெல்லோ?”

“ஓம். நீங்கள் திறக்கேல்லை.”

“தெரியும். அதைச் சொல்லிக் காட்டாதையும்.”

*

பட்டறையில் குருசுமுத்து இல்லை. பொலிசுக்குப் போக முகம் வழிக்கச் சலூனுக்குப் போயிருந்தார். மணி மூன்றேகால்.

செல்வரத்தினம் நின்றபடியே கொப்பியைப் புரட்டினார். வாங்கியவர்கள் எழுதிப் பார்த்த கோடுகள், சுழிகள், கையெழுத்துகள், பிள்ளைகளின் பெயர்கள். ஒருவர் தன் கடன்காரனை ஏசி இரண்டு வரி எழுதியிருந்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் குருசுமுத்து அந்தப் பேனையின் இலக்கத்தைக் குறித்திருந்தார். 509 இருந்தது. 510, 511 இருந்தன. அடுத்தது 513.

பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார்கள். ஐப்பசியிலிருந்து ஏழு இலக்கங்கள் இல்லை. அலுமாரியிலும் அந்த ஏழு பேனைகள் இல்லை.

“எழுதிப் பாக்காமல் ஏழு பேனை வாசலைத் தாண்டியிருக்கு,” என்றான் அருளப்பு. “கால் முளைச்சுதோ?”

“குருசுமுத்து நிக்கிற நேரம் அது நடவாது. காசு குறையாதபடியால் அவர் பேனையளை எண்ணியும் பாக்கேல்லை. அவர் இல்லாத நேரம் இந்த மேசை லாச்சியைத் திறந்து காசு போடுறது ஆர்?”

குசினிப் பக்கத்திலிருந்து ஒடியல் பிட்டு அவிகிற வாசனை பட்டறைக்குள் வந்தது. அருளப்பு ஆறு ரூபாப் பேனையின் மூடியைத் திறந்து மூக்கருகில் பிடித்தான். பிறகு அதைச் செல்வரத்தினத்தின் மூக்கருகில் பிடித்தான். அதே ஒடியல் மணம்.

“நீர் இஞ்சை நில்லும்,” என்றார் செல்வரத்தினம்.

குருசுமுத்துவின் மனைவி அல்போன்சம்மா அடுப்புக்கு முன்னால் பலகையில் இருந்தாள். பிட்டுப் பானையின் வாயிலிருந்து ஆவி எழுந்தது. யன்னற் கட்டில் ஒரு சிறிய குறடு. செல்வரத்தினம் பேனையை அவளுக்கு முன்னால் நிலத்தில் வைத்தார்.

“தங்கச்சி, இந்தப் பானையிலை பிட்டைத் தவிர வேறை என்ன அவிஞ்சது?”

அவள் பேனையைப் பார்த்தாள். அகப்பையைக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் வைத்தாள்.

“களவெண்டு சொல்லாதேங்கோ அண்ணை. ஒவ்வொரு தரமும் ஒம்பதரையை லாச்சியிலை போட்டிட்டுத்தான் எடுத்தனான். ஆசுப்பத்திரிக் கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போற நாளிலை கொண்டு போறனான்.”

“அவரிட்டைச் சொல்லியிருக்கலாம்.”

“ஏழு தரம் சொன்னனான். விலையைக் கூட்டுங்கோ, நிப்புக்கே எட்டு ரூபா போகுதெண்டு. நீ பொம்பிளை, சந்தைக் கதையைக் கேட்டுக்கொண்டு வாறாய் எண்டார். அப்ப நான் சொல்லுறது சரியோ பிழையோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது. அதுதான் வித்துப் பாத்தனான். சரியாத்தான் கிடந்தது. அந்தக் காசு ஒரு சதம் செலவழிக்கேல்லை.”

“ஆனால் அவரின்ரை பேனை கோழி கிளறினமாதிரி எழுதுதெண்டு பட்டணம் முழுக்கப் பேர் போகுதே.”

அவள் முகம் வாடியது. “அதை நான் யோசிக்கேல்லை. சவிரிமுத்து அண்ணையிலை பழி விழுமெண்டும் யோசிக்கேல்லை. இவர் நாலு மணிக்கு வெளிக்கிட்டால் வாசற் படலையிலை மறிச்சுச் சொல்லுறதெண்டு இருந்தனான்.” அடுப்பில் விறகைத் தள்ளினாள். “பெட்டியிலை அறுபத்திநாலு நிப்புத்தான் கிடக்கு அண்ணை. ஓடர் அறுபது. ஒம்பதரைப்படி அதைக் குடுத்து முடிச்சால், பிறகு மரத்தைக் கடைஞ்சு நுனியிலை எதைப் பூட்டுறது? ஓடர் வராட்டிக் கடைசலை விக்கவேணுமெண்டு அவர் அழுறார். ஓடர் வந்தால்தான் விக்கவேணும். அதை அவருக்கு ஆர் சொல்லுறது?”

இருபத்தாறு வருடம் சுங்கத்தில் மற்றவர்களின் பொருளுக்கு விலை மதித்தவர் செல்வரத்தினம். இந்த வீட்டுக்குள் ஒருத்தி அதைவிடத் திறமாக மதித்திருக்கிறாள். அவளைக் களவாளி என்று அவளுடைய புருஷனிடம் சொல்வதற்குத் தனக்குக் கூலியாக ஒரு பேனை.

“என்ரை பேரைச் சொல்லப்போறியளோ?” என்று அவள் கேட்டாள்.

“தெரியேல்லை,” என்றார். அது உண்மை.

*

குருசுமுத்து பளபளத்த முகத்துடன் வந்தார். காதடியில் சவர்க்கார நுரை காயாமல் இருந்தது. மேசையிலிருந்த முறைப்பாட்டைக் கையில் எடுத்தார்.

“அதை வையும்,” என்றார் செல்வரத்தினம். “சவிரிமுத்துவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. வலை பின்னிச் சீவிக்கிறார். இது உம்மடை பேனை எண்டு உமக்காகச் சாட்சி சொன்னதும் அவர்தான். கடைசிச் சுற்று மட்டும் இறுக்கமாம்.”

குருசுமுத்து கதிரையில் மெல்ல இருந்தார். “கண் தெரியாதோ?” என்று கேட்டார். கடதாசியை மேசையில் வைத்தார். பிறகு, “அப்ப ஆர்?” என்றார்.

“உமக்கு ஒம்பதரை ரூபா முழுசாக் குடுத்து வாங்கின ஆள். நிப்பை எட்டுக்கும் உடம்பை ஆறுக்கும் வித்திருக்கு. அதிலை குற்றம் ஒண்டும் இல்லை. மனேஜருக்குப் பதில் சொல்லலாம்: ஆறு ரூபாய்க்கு விக்கிறது பேனை இல்லை, நிப்புப் போன கோது எண்டு. ஆனால் அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் உம்மட்டைப் பதில் இருக்காது. பட்டணம் பதினாலு ரூபா குடுக்கிற சாமானை நீர் ஏன் ஒம்பதரைக்குக் குடுக்கிறீர் எண்டு.”

“நான் கேட்டது ஆளை.”

செல்வரத்தினம் முழங்காலைத் தடவினார். அருளப்பு சுவரிலிருந்த பலகையை வாசிக்கத் தெரியாதவன் போல உற்றுப் பார்த்தான்.

குருசுமுத்து ஆறு ரூபாப் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். மண்ணிறமான கழுத்தை விரலால் தடவினார். முகர்ந்தார். கொப்பியை இழுத்துப் புரட்டினார். 511க்கும் 513க்கும் நடுவில் விரல் நின்றது. முறைப்பாட்டை நான்காகக் கிழித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றிருந்தது.

“இஞ்சாரும்,” என்று திரும்பாமலே கூப்பிட்டார். “இனிப் பிட்டுப் பானையிலை நெடுக வையாதையும். கறுப்புப் போகுது. நிப்புக் கழட்டுறதெண்டால் என்னட்டைத் தாரும், துணி சுத்திக் கழட்டித் தாறன்.”

உள்ளே பானை மூடி இறங்குகிற சத்தம் கேட்டது.

“அந்தப் பலகையிலை பதினாலெண்டு எழுதுங்கோ,” என்றது அல்போன்சம்மாவின் குரல். “எழுதினால் நான் ஏன் கழட்டுறன்?”

“மனேஜர் ஓடரை விட்டிட்டுப் போவார்.”

“போகட்டும். நிப்புப் போகாது.”

குருசுமுத்து பலகையை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய்ச் சேட்டுக் கையால் துடைத்தார். ஐந்து வருட வெண்கட்டி லேசில் போகவில்லை. துடைக்கத் துடைக்க ஒன்பது மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. அருளப்பு தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினான்.

வெள்ளைச் சேட்டின் கை முழங்கை மட்டும் நனைந்தபிறகு பலகை கறுத்தது. குருசுமுத்து மேசை லாச்சியை இழுத்து வெண்கட்டியைத் தேடத் தொடங்கினார்.